குடிக்கும் நாளில் மாத்திரையை நிறுத்தலாமா?

புறநோயாளிகள் பிரிவுக்கு வரும் ஆண்களில் பலர் தம் முக்கியமான கேள்வியை நாற்காலியில் அமர்ந்திருக்கும்போது கேட்பதில்லை. மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு, உடன் வந்த மனைவியையோ மகளையோ மருந்தக வரிசைக்கு அனுப்பிவிட்டு, கதவருகே திரும்பி வந்து தணிந்த குரலில் கேட்கிறார்கள்: “இந்த மாத்திரை போடும்போது எப்பவாவது கொஞ்சம் எடுத்துக்கலாமா டாக்டர்?” எதை எடுத்துக்கொள்வது என்பதை அவர்கள் சொல்வதில்லை, நமக்கும் விளங்காமல் இல்லை. பெரும்பாலும் அவர்களுக்குக் கிடைக்கும் விடை, “கூடவே கூடாது, ரியாக்‌ஷன் ஆகிவிடும்” என்பதுதான். மருத்துவர் சொல்லாவிடில் மருந்துக்கடையில் சொல்கிறார்கள். அங்கும் சொல்லாவிடில் உடன் அமர்ந்து குடிக்கும் நண்பர் சொல்லிவிடுகிறார்.

நல்லெண்ணத்தில் சொல்லப்படும் விடைதான். ஆயினும், வயிற்று அமிலத்தைக் குறைக்கும் மாத்திரைகளைப் பொறுத்தவரை அது உண்மையன்று. பொய்யான அச்சத்தைக் காட்டி ஒருவரைக் குடியிலிருந்து விலக்கிவிடலாம் என்று நாம் எண்ணுகிறோம். நடப்பது வேறு. மாத்திரையும் மதுவும் சேரக்கூடாது என்று கேட்டுக்கொண்டு போனவர், இரண்டில் மாத்திரையைத்தான் விட்டுவிடுகிறார்.

சிறுகுடலின் தொடக்கத்தில் புண் ஏற்பட்டு, அதிலிருந்து இரத்தம் கசிந்து, எங்கள் பிரிவில் அனுமதிக்கப்பட்ட ஒருவரைப் பற்றிச் சொல்கிறேன். கட்டட வேலை செய்பவர். எண்டோஸ்கோபி வழியே இரத்தக்கசிவு நிறுத்தப்பட்டது. பான்டோபிரசோல் மாத்திரையை 8 வாரம் விடாமல் உட்கொள்ள வேண்டும் என்று எழுதிக் கொடுத்து அனுப்பினோம். நான்காம் வாரம் மீண்டும் தார் போன்ற கறுத்த மலத்துடன் வந்து சேர்ந்தார். மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டீர்களா என்று கேட்டதற்கு ஆம் என்று தலையசைத்தார். அருகிலிருந்த அவருடைய மனைவி அட்டையை எடுத்து மேசைமேல் வைத்தார். பாதிக்குமேல் மாத்திரைகள் அப்படியே இருந்தன. “சனி, ஞாயிறு இவர் மாத்திரை போடறதே இல்ல டாக்டர். திங்கக்கிழமையும் ஒடம்புல இருந்து போகட்டும்னு விட்டுடுவார். கேட்டா, ரெண்டும் ஒண்ணா சேந்தா உசுருக்கே ஆபத்துன்னு கடையில சொன்னாங்கன்னு சொல்றார்” என்றார் அந்த அம்மா. மருந்துக்கடைக்காரர் சொன்னதை அவர் நம்பினார். நம்பியபடியே நடந்தும் கொண்டார். அவரைக் குறைசொல்ல எனக்குத் தோன்றவில்லை.

வாரத்தில் மூன்று நாள் மாத்திரையை விட்டால் என்ன ஆகும் என்பதை அறிய, அது வேலை செய்யும் முறையைச் சிறிது தெரிந்துகொள்ள வேண்டும். இரைப்பையின் சுவரில் உள்ள சில செல்கள் அமிலத்தைச் சுரக்கின்றன. அமிலத்தை வெளியே தள்ளுவதற்கு அவற்றில் நுண்ணிய பம்புகள் உண்டு. ஒமிபிரசோல், பான்டோபிரசோல், ரபிபிரசோல், எசோமிபிரசோல் ஆகியவை இந்தப் பம்புகளோடு பிணைந்து அவற்றை நிறுத்திவிடுகின்றன. உணவு வரும்போதுதான் பம்புகள் முழு வேகத்தில் இயங்கும். காலை உணவுக்கு அரைமணி நேரத்துக்கு முன் மாத்திரையை உட்கொள்ளச் சொல்வது அதனால்தான். உணவுக்குப் பின் விழுங்கும் மாத்திரை பாதி வீண். முதல் நாள் எல்லாப் பம்புகளும் நிற்பதில்லை. முழுப்பலன் கிட்ட மூன்று நாள் போல ஆகும். செல்களும் சும்மா இருப்பதில்லை. நின்றுபோன பம்புகளுக்கு ஈடாகப் புதியவற்றை உண்டாக்கிக்கொண்டே இருக்கின்றன. எனவே சனியன்று விட்டு, செவ்வாயன்று மீண்டும் தொடங்குபவரின் இரைப்பையில் அமிலம் சரியாக அடங்குவதற்குள் அடுத்த சனிக்கிழமை வந்துவிடுகிறது. ஆறத் தொடங்கிய புண்ணின்மேல் வாரந்தோறும் அமிலமும் மதுவும் ஒருங்கே படுகின்றன.

மாத்திரையோடு மது சேர்ந்தால் உயிருக்கு ஆபத்து என்னும் எண்ணம் எங்கிருந்து வந்தது? அதற்குச் சில உண்மையான வேர்கள் உண்டு. முதலாவது, டைசல்ஃபிராம். குடிப்பழக்கத்தை நிறுத்த உதவும் இம்மருந்தின் இயல்பு டென்மார்க்கில் 1948ஆம் ஆண்டு அறிவிக்கப்பட்டது. மது உடலில் சிதையும்போது அசிட்டால்டிஹைடு என்னும் நச்சுப்பொருள் இடையில் தோன்றும். அதை மேலும் சிதைக்கும் நொதியை டைசல்ஃபிராம் தடுத்துவிடுகிறது. இதை உட்கொண்டவர் குடித்தால் முகம் சிவந்து, நெஞ்சு படபடத்து, வாந்தி எடுத்து, இரத்த அழுத்தம் சரிந்து துவண்டுபோவார். மருத்துவர் எடுத்துச் சொல்லி, நோயாளி ஒப்புக்கொண்ட பிறகே கொடுக்கப்பட வேண்டிய மருந்து இது. நம் ஊரிலோ, “குடியை மறக்கடிக்கும் மருந்து” என்று வாங்கி, அவருக்குத் தெரியாமல் குழம்பில் கலந்து கொடுக்கும் வழக்கம் இருக்கிறது. அப்படிச் செய்யும் தாய்மார்களும் மனைவியரும் படும் துன்பம் எனக்குத் தெரியும். ஆயினும் இதைச் செய்யாதீர்கள் என்று கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். இதய நோய் உள்ளவருக்கும் கல்லீரல் கெட்டவருக்கும் இது உயிரைப் பறிக்கக்கூடும். தமக்கு என்ன கொடுக்கப்பட்டது என்றே தெரியாதவர் அவசர சிகிச்சைப் பிரிவில் எங்களிடம் எதைச் சொல்வார்?

இரண்டாவது வேர், மெட்ரோனிடசோல், டினிடசோல் போன்ற மருந்துகள். இரைப்பைப் புண்ணுக்குக் காரணமான ஹெலிகோபாக்டர் கிருமியை ஒழிக்க, அமிலம் குறைக்கும் மாத்திரையோடு இரண்டு மூன்று நுண்ணுயிர்க் கொல்லிகளைச் சேர்த்து 10 அல்லது 14 நாள் கொடுப்போம். அவற்றில் இவ்விரண்டில் ஒன்று பெரும்பாலும் இருக்கும். மதுவுடன் சேர்ந்தால் இவையும் டைசல்ஃபிராம் போன்ற தொல்லையைத் தரும் என்று மருந்தின் குறிப்புத்தாளே எச்சரிக்கிறது. அந்தத் தொல்லை எவ்வளவு அடிக்கடி வருகிறது என்பதில் ஆய்வாளர்களிடையே இன்று கருத்து வேறுபாடு உண்டு. எனினும் அந்த நாள்களிலும், மருந்து முடிந்த பின் மூன்று நாள்களிலும் மதுவை அறவே தவிர்க்கச் சொல்கிறேன். அந்தத் தடை அந்த நுண்ணுயிர்க் கொல்லிக்கு உரியது. உடன் இருக்கும் பான்டோபிரசோலுக்கு உரியதன்று. ஒரே உறையில் எல்லாவற்றையும் சேர்த்துக் கொடுக்கும்போது இந்த வேறுபாடு மறைந்துவிடுகிறது.

மூன்றாவது, ரானிடிடின். அமிலம் குறைக்கும் மருந்துக்கும் மதுவுக்கும் நேரடித் தொடர்பு பேசப்பட்டது இந்த ஒன்றில்தான். நாம் குடிக்கும் மதுவில் ஒரு சிறு பகுதி, இரத்தத்தில் கலக்கும் முன் இரைப்பையிலேயே ஒரு நொதியால் சிதைக்கப்படுகிறது. சிமெட்டிடின், ரானிடிடின் ஆகிய மருந்துகள் அந்த நொதியின் வேலையைக் குறைப்பதால், சிறிதளவு மது அருந்தியவரின் இரத்தத்தில்கூட மதுவின் அளவு வழக்கத்தைவிட உயர்கிறது என்று 1992ஆம் ஆண்டு அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் ஓர் ஆய்வு வெளியாயிற்று. ஃபமோடிடினில் அந்த விளைவு காணப்படவில்லை. பின்னர் வேறு அளவுகளில், வேறு சூழல்களில் பலர் சோதித்தபோது அந்த உயர்வு மிகச் சிறியதாகவோ இல்லாததாகவோ இருந்தது. நான் மேலே பெயர் சொன்ன பம்பு மாத்திரைகளோ இரத்தத்தில் மதுவின் அளவைக் குறிப்பிடத்தக்க விதத்தில் மாற்றுவதில்லை. ரானிடிடினைப் பற்றிய பேச்சு இன்று வேறு காரணத்தால் முடிவுக்கு வந்துவிட்டது எனலாம். புற்றுநோயை உண்டாக்கக்கூடிய ஒரு மாசு அதில் காணப்பட்டதால் 2020இல் அமெரிக்காவில் அதை விற்பனையிலிருந்து விலக்கினார்கள்; நம் நாட்டின் அத்தியாவசிய மருந்துகள் பட்டியலிலிருந்தும் 2022இல் அது நீக்கப்பட்டது. வீட்டு அலமாரியில் பழைய அட்டை இருந்தால் அடுத்த முறை வரும்போது எங்களிடம் காட்டுங்கள். பெரும்பாலோருக்கு மாற்று மருந்து உண்டு.

ஆகவே தலைப்பில் உள்ள கேள்விக்கு என் விடை: நிறுத்தக்கூடாது. குடித்த நாளிலும், குடிக்கப் போகும் நாளிலும், உங்களுக்கு எழுதிக் கொடுக்கப்பட்ட அமில மாத்திரையை அதற்குரிய வேளையில் உட்கொள்ளுங்கள். இரத்தம் கசிந்த புண் உள்ளவருக்கும், இதயக் குழாயில் ஸ்டென்ட் வைத்து ஆஸ்பிரினும் குளோபிடோக்ரலும் உட்கொள்பவருக்கும் இந்த ஒரு மாத்திரை காவல்காரன் போன்றது. காவல் மிகவும் தேவைப்படும் நாளில் காவல்காரனுக்கு விடுமுறை கொடுக்கலாகாது.

இதை எழுதும்போது என் சக மருத்துவர்கள் சிலரின் குரல் காதில் விழுகிறது. “நீங்கள் இப்படி எழுதினால், டாக்டரே குடிக்கலாம் என்று சொல்லிவிட்டார் என்பார்கள். பயமாவது இருக்கட்டுமே” என்பார்கள். அவர்கள் கவலை வெறும் கவலையன்று. அப்படிச் சொல்பவர்களும் இருப்பார்கள். ஆனால் அந்தப் பயம் எத்தனை நாள் நிற்கும்? ஒருநாள் மறதியாக மாத்திரையையும் போட்டு, குடிக்கவும் செய்வார். மறுநாள் காலை ஒன்றும் நேர்ந்திராது. அன்றோடு நாம் சொன்ன எல்லாமே அவருக்குப் பொய்யாகிவிடும். பிறகு, “உங்கள் கல்லீரல் சுருங்கத் தொடங்கிவிட்டது, இனி ஒரு சொட்டும் கூடாது” என்று ஸ்கேன் படத்தைக் காட்டிச் சொல்லும்போது, அதையும் அந்தக் கணக்கில்தான் சேர்த்துக்கொள்வார். முதல் பொய்க்கு நாம் கொடுக்கும் விலை இரண்டாவது உண்மை.

இனி மறுபக்கம். மாத்திரையைக் கண்டு அஞ்சுபவர்களைவிட, அதைக் கவசமாக நினைப்பவர்களின் எண்ணிக்கை அதிகம் என்பது என் அனுபவம். மாலையில் கடைக்குப் போகும் வழியிலேயே மருந்துக்கடையில் ஒரு “கேஸ் மாத்திரை” வாங்கி விழுங்கிவிட்டுச் செல்பவர்கள் உண்டு. காலையில் நெஞ்செரிச்சல் என்றால் இன்னொன்று. விதிப்படி மருத்துவச் சீட்டின்றி விற்கக்கூடாத மாத்திரை, கடலை மிட்டாய்போல் ஒன்றிரண்டாகக் கத்தரித்துக் கொடுக்கப்படுகிறது. வீட்டுப் பெண்கள் சிலர், “வயிறாவது கெடாமல் இருக்கட்டும்” என்று தாமே வாங்கி வைத்துவிடுகிறார்கள்.

வயிறு கெடாமல் இருக்கிறதா? ஒரு குவாட்டர் என்பது 180 மில்லி. நம் மாநிலத்தில் விற்கும் பிராந்தியின் அட்டையில் மதுவின் அளவு 42.8 சதவீதம் என்று அச்சிட்டிருப்பார்கள். கணக்கிட்டால் ஒரு குவாட்டரில் ஏறத்தாழ 60 கிராம் தூய ஆல்கஹால் இருக்கிறது. இது இரைப்பையின் உட்சுவரைக் காக்கும் வழவழப்பான படலத்தை நேரடியாகவே அரிக்கிறது. பீரும் ஒயினும் அமிலச் சுரப்பைத் தூண்டுபவை. பிராந்தி, விஸ்கி போன்ற கடுமையான வகைகள் அமிலத்தை அவ்வளவாகத் தூண்டுவதில்லை. இதைக் கேட்டால் பிராந்தி குடிப்பவர்கள் மகிழ்வார்கள், மகிழ இடமில்லை. அமிலம் கூடாமலேயே அவை புண்ணாக்குகின்றன என்பதே இதன் பொருள். அமிலத்தை மட்டும் குறைக்கும் மாத்திரை அந்தப் புண்ணாக்கும் வேலையைத் தடுப்பதில்லை. புண்ணின்மேல் அமிலம் படும்போது எழும் எரிச்சலைத்தான் பெரும்பாலும் குறைக்கிறது. உணவுக்குழாயின் அடியிலுள்ள வால்வை மது தளர்த்திவிடுவதையும் மாத்திரையால் தடுக்க இயலாது. மேலே ஏறி வருவது தொடர்ந்து வரும், எரியாமல் வரும்.

என்னைக் கவலைகொள்ளச் செய்வது இந்த “எரியாமல்” என்பதுதான். நெஞ்செரிச்சல் ஒரு தொல்லை. அதேவேளை பலருக்கு அது குடியின் அளவைக் கட்டுப்படுத்தும் ஒரே வேலியாகவும் இருந்திருக்கிறது. “இரண்டு நாள் சேர்ந்தாற்போல் குடித்தால் வயிறு தாங்காது டாக்டர்” என்று முன்பு சொன்னவர், மாத்திரை பழகிய பிறகு வாரம் ஐந்து நாள் தாங்குகிறார். வயிறு பேசாமல் இருக்கிறது. கல்லீரலோ முதலிலிருந்தே பேசாத உறுப்பு. கொழுப்புப் படிந்து, அழற்சி வந்து, தழும்பேறிச் சுருங்கும்வரை அதில் வலியே தோன்றாமல் போகலாம். கல்லீரல் சுருங்கியவருக்கு உணவுக்குழாயின் அடியில் இரத்தநாளங்கள் புடைத்துக்கொள்ளும். அவை வெடித்தால் வாய் நிறைய இரத்த வாந்தி வரும். ஆண்டுக்கணக்கில் உட்கொண்ட கேஸ் மாத்திரை அந்த நாளங்கள் புடைப்பதையோ வெடிப்பதையோ தடுப்பதில்லை. “தினமும் மாத்திரை போட்டுட்டுத்தானே இருந்தார், எப்படி டாக்டர்?” என்று தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் குடும்பத்தார் கேட்கும்போது, அதை அவர்களுக்கு விளக்குவது கடினமாக இருக்கிறது.

கணையமும் அப்படியே. குடிப்பவரின் மேல்வயிற்றில் தோன்றி முதுகுக்குப் பாயும் வலி, முன்புறம் குனிந்து அமர்ந்தால் சற்றுக் குறையும் வலி, கணைய அழற்சியாக இருக்கலாம். அதை “கேஸ்” என்று எண்ணி இரண்டு நாள் மாத்திரையும் சோடாவும் கொடுத்துப் பார்த்துவிட்டு வருகிறார்கள். அந்த இரண்டு நாள் விலைமதிப்பற்றது. நெஞ்சை அழுத்தும் வலியோடு வியர்வையும் சேர்ந்தால் அது மாரடைப்பாக இருக்கக்கூடும் என்பதை இங்கு விரித்துச் சொல்லத் தேவையில்லை. பலமுறை இச்செய்திமடலில் வந்த செய்திதான்.

கல்லீரல் ஏற்கெனவே பழுதுபட்டவர்களின் நிலை இன்னும் சிக்கலானது. அமிலம் என்பது உணவோடு வரும் கிருமிகளைக் கொல்லும் முதல் அரண். அது குறைந்தால் குடலில் கிருமிகளின் கூட்டம் மாறுகிறது. 2017இல் கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் எலிகளில் இதை ஆராய்ந்தார்கள். அமிலத்தைத் தடுத்தபோது என்டரோகாக்கஸ் என்னும் பாக்டீரியா குடலில் பெருகி, கல்லீரலை எட்டி, மதுவால் வந்த கல்லீரல் நோயை மோசமாக்கியது. மதுப்பழக்கம் உள்ள மனிதர்களின் பதிவுகளிலும் இம்மாத்திரைகளை உட்கொண்டவர்களிடையே கல்லீரல் நோய் அதிகமாகக் காணப்பட்டது. மனிதர்களில் கண்ட தொடர்பை வைத்து மாத்திரையே காரணம் என்று முடிவுகட்ட முடியாது. வயிற்றுத் தொல்லை அதிகம் உள்ளவர்களே மாத்திரையையும் அதிகம் உட்கொள்வார்கள் அல்லவா? எனினும், வயிற்றில் நீர் கோத்தவர்களுக்கு அந்த நீரில் கிருமித்தொற்று ஏற்படுவதும், கல்லீரல் செயலிழப்பால் நினைவு தடுமாறுவதும் இம்மாத்திரைகளோடு சேர்த்துப் பல ஆய்வுகளில் பேசப்படுகின்றன. ஆகவே சிரோசிஸ் நோயாளிக்கு, புண் போன்ற தெளிவான காரணம் இருந்தால் மட்டும், தேவையான காலத்துக்கு மட்டும் எழுதுவது என்பது என் வழக்கம். காரணம் இருக்கும்போது தயங்குவதும் தவறு. இதை நீங்களாக முடிவுசெய்ய வேண்டாம். இப்படி ஒரு கேள்வியை மருத்துவரிடம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு என்பதற்காகவே எழுதுகிறேன்.

இன்னொன்றும் உண்டு. பம்பு மாத்திரைகளை நீண்டகாலம் உட்கொண்டால் சிலருக்கு இரத்தத்தில் மெக்னீசியம் குறையும்; 2011இலேயே அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதைக் குறித்து எச்சரித்திருக்கிறது. வைட்டமின் பி12 உடலில் சேர்வதும் குறையலாம். மதுவும் மெக்னீசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. தயமின் என்னும் பி1 வைட்டமினையும் தீர்த்துவிடுகிறது. பல ஆண்டுகளாக இரண்டையும் சேர்த்துப் பழகியவருக்குக் கெண்டைக்கால் இழுத்துப் பிடித்தல், கை நடுக்கம், பாதத்தில் மரமரப்பு, இதயத் துடிப்பில் ஒழுங்கின்மை ஆகியவை வந்தால் நரம்புத் தளர்ச்சி என்று டானிக் வாங்கிக் கொடுக்காமல், ஒரு முறை இரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். குடித்த மறுநாள் தலைவலிக்குப் போடும் டைக்ளோஃபினாக், ஆஸ்பிரின் போன்ற வலி மாத்திரைகளும் நினைவில் இருக்கட்டும். புண்பட்ட இரைப்பையில் இரத்தக்கசிவை உண்டாக்குவதில் மதுவுக்கு மிக நெருங்கிய கூட்டாளி அவைதான். அமில மாத்திரை அன்று.

எங்கள் தொழிலைச் சேர்ந்தவர்களைப் பற்றியும் ஒரு சொல். எந்தச் சீட்டை எடுத்தாலும், காய்ச்சலுக்கு எழுதியதானாலும் மூட்டுவலிக்கு எழுதியதானாலும், முதல் வரியில் ஒரு அமில மாத்திரை இருக்கிறது. அதை எழுத ஐந்து நொடி போதும். எவ்வளவு குடிக்கிறீர்கள் என்று கேட்டறிய ஐந்து நிமிடமாவது வேண்டும். “குடிப்பீர்களா?” என்று கேட்டால் “எப்பவாவது” என்ற விடைதான் வரும். “ஒரு குவாட்டர் வாங்கினால் எத்தனை நாளைக்கு வரும்?” என்று கேட்டால், பலர் சிரித்துவிட்டு உண்மையைச் சொல்லிவிடுகிறார்கள். பெண்களிடம் இதைக் கேட்பதே இல்லை. கேட்டால் தவறாக நினைப்பார்கள் என்ற கூச்சம். தனியே, மரியாதையோடு கேட்டால் சொல்பவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கேள்வியைக் கேட்காமல் அமில மாத்திரையை இரண்டாம் மாதத்துக்கு நீட்டித்து எழுதக்கூடாது என்பது என் உறுதியான எண்ணம். மருத்துவர் கேட்காவிட்டால், உடன் வருபவர் சொல்லுங்கள். நோயாளியைக் காட்டிக்கொடுப்பதாக எண்ண வேண்டாம். முன்னால் சொன்ன அம்மா அட்டையை எடுத்து மேசைமேல் வைத்ததைவிட எங்களுக்கு அன்று உதவியது எதுவும் இல்லை.

வீட்டில் இருப்பவர்கள் கவனிக்க வேண்டிய அடையாளங்கள் சில. மலம் தார்போல் கறுத்து, ஒட்டும் தன்மையோடு, துர்நாற்றத்துடன் போனால் இரத்தம் கசிகிறது என்று கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். அதை உட்கொள்பவராயின் அதையும் சொல்லுங்கள். காப்பித்தூள் கலந்ததுபோன்ற வாந்தி, இரத்த வாந்தி, எழுந்தவுடன் கண் இருண்டு விழுதல், முதுகுக்குப் பாயும் கடும் வயிற்றுவலி, கண் மஞ்சளாதல், உணவு விழுங்கும்போது அடைப்பது, காரணமின்றி எடை குறைவது ஆகியவற்றுக்கு வீட்டில் மாத்திரை கொடுத்துப் பார்க்கும் பேச்சே கூடாது. முதல் நான்குக்கும் நள்ளிரவானாலும் 108ஐ அழையுங்கள்.

இதையெல்லாம் படித்துவிட்டு யாரேனும் நாளை முதல் குடிப்பதில்லை என்று முடிவெடுத்தால் மகிழ்ச்சி. ஆனால் நாள்தோறும் குடித்துப் பழகியவர் வீட்டிலேயே திடீரென நிறுத்துவதில் ஆபத்து இருக்கிறது. முதல் இரண்டு நாளில் கை நடுக்கமும் வியர்வையும் தூக்கமின்மையும் வரும். சிலருக்கு வலிப்பு வரும். இரண்டாம், மூன்றாம் நாளில் இல்லாதது கண்ணுக்குத் தெரிந்து பிதற்றத் தொடங்குபவர்களும் உண்டு. இவற்றை முன்கூட்டியே தடுக்க நல்ல மருந்துகள் இருக்கின்றன. எனவே நிறுத்தும் முடிவை எங்களிடம் சொல்லிவிட்டு நிறுத்துங்கள். மனநல மருத்துவரும் நாங்களும் சேர்ந்தே பார்த்துக்கொள்வோம்.

குடியை நிறுத்திய சில வாரங்களில் பலருக்கு நெஞ்செரிச்சல் குறைந்துவிடும். அப்போது மாத்திரையையும் ஒரே நாளில் தூக்கி எறிய வேண்டாம். நோயே இல்லாத நலமான மனிதர்களுக்கு 8 வாரம் இம்மாத்திரையைக் கொடுத்து நிறுத்தியபோது, அவர்களில் பலருக்குப் புதிதாக நெஞ்செரிச்சல் வந்ததாக 2009இல் டென்மார்க்கில் நடந்த ஆய்வு காட்டியது. அடங்கியிருந்த அமிலம் சில நாள் அளவுக்கு மீறிச் சுரப்பதே காரணம். அதை நோய் திரும்பிவிட்டதாக எண்ணி மாத்திரையை மீண்டும் தொடங்குபவர்கள் பலர். பழையபடி குடிக்கத் தொடங்கவும் அது ஒரு சாக்காகிவிடுகிறது. மாத்திரையின் அளவைப் பாதியாக்கி, பிறகு ஒருநாள் விட்டு ஒருநாள் என்று மெல்லக் குறைத்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் தெரியாது. இரண்டு மாதத்துக்கு மேல் அமில மாத்திரை உட்கொள்பவர்கள் அடுத்த முறை வரும்போது, வீட்டில் உள்ள எல்லா அட்டைகளையும், கடையில் தாமாக வாங்கியவற்றையும் சேர்த்து, ஒரு பையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.